15 வருடம் கழித்து வந்த ‘ரீபார்ன்’ ஆல்பத்தில் பழைய ஸ்ட்ரைப்பர் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பழைய கோலத்தில் இல்லை. கலிஃபோர்னியாவின் இந்தக் கிறிஸ்தவ ராக் குழு எண்பதுகளில் மஞ்சள்-கறுப்புக் கோடு போட்ட உடையில் மேடையேறி, கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசும். 1990இல் வந்த ‘அகெய்ன்ஸ்ட் த லா’வில் அந்தக் கோடுகளும் வெளிப்படையான விசுவாச வரிகளும் காணாமல் போயின. 1992இல் பாடகர் மைக்கேல் ஸ்வீட் விலகினார். அப்புறம் 2003இல் மறுபடி சேர்ந்தார்கள், 2005இல் ‘ரீபார்ன்’ வந்தது.

முதல் தடவை கேட்கும்போது திகைப்பாக இருக்கும். கிதார்கள் சுருதி இறங்கிக் கனமாக உறுமுகின்றன. எண்பதுகளின் மினுமினுப்பு இல்லை. ஸ்வீட்டின் குரல் மட்டும் அப்படியே. வரிகளிலும் விசுவாசம் ஒளிவுமறைவில்லாமல் திரும்பிவிட்டது. கடைசிப் பாட்டைக் கவனியுங்கள்: 1988இல் வந்த ‘இன் காட் வி டிரஸ்ட்’டையே புது ஒலியில் மறுபடி பாடியிருக்கிறார்கள். பழையதை நகலெடுக்காத இந்தத் துணிச்சல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.