வாசகர் கேள்வி-பதில்: காவிரிப் படுகையில் கருங்கடுகு விளையுமா?

கேள்வி: அஞ்சறைப்பெட்டியில் இருந்த கடுகைக் கார்த்திகைக் கடைசியில் கொல்லையில் தூவினேன். தை மாதத்தில் மஞ்சளாகப் பூத்தது. கருங்கடுகு என்பது இதுதானா? அதன் பிறப்பிடம் எது? சம்பா அறுவடைக்குப் பின் எங்கள் வயலில் பயிரிடலாமா?
- வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: உங்கள் கொல்லையில் பூத்திருப்பது பெரும்பாலும் இந்தியக் கடுகாகவே இருக்கும். நம் மளிகைக் கடைகளில் விற்கும் கடுகில் பெரும்பகுதி, தாவரவியலார் பிராசிகா ஜன்சியா என்று குறிக்கும் அந்த இனத்தைச் சேர்ந்தது. பிராசிகா நைக்ரா எனப்படும் கருங்கடுகு வேறு செடி. காய் பிடித்ததும் வேறுபாடு தெரிந்துவிடும். கருங்கடுகின் காய்கள் 1 முதல் 2 செ.மீ. நீளத்தில், தண்டை ஒட்டினாற்போல் மேல்நோக்கி நிற்கும். இந்தியக் கடுகின் காய்கள் அதைவிட நீண்டு, தண்டிலிருந்து விலகி நிற்கும். ஆயினும் இரண்டும் நெருங்கிய உறவுடையவை. 16 குரோமோசோம்கள் கொண்ட கருங்கடுகும் 20 கொண்ட டர்னிப் இனமும் இயற்கையில் கலந்ததால் தோன்றியதே 36 குரோமோசோம்கள் கொண்ட இந்தியக் கடுகு என்னும் உறவுமுறையைக் கொரிய வம்சாவளி அறிஞர் வூ ஜாங்சுன் 1935இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்.

கருங்கடுகின் தாயகம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள். சாலையோரம், ஆற்றங்கரை, தரிசு என்று எங்கும் தானே முளைத்து, ஆள் உயரத்தையும் தாண்டி வளரக்கூடியது. கலிபோர்னியாவின் குன்றுகளில் களையாகவே பரவிவிட்டது. முற்றிய காய்கள் எளிதில் வெடித்து விதை சிதறுவதால் இயந்திர அறுவடைக்கு ஒத்துவராமல், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மேலைநாட்டு விவசாயிகள் இந்தியக் கடுகுக்கு மாறினர். ராஜஸ்தான், ஹரியானா மாநிலங்களில் பரந்து விளைவதும் பெரும்பாலும் இந்தியக் கடுகே.

இனி உங்கள் வயல். கடுகுக்கு விதைப்பின்போது ஈரமும், பூக்கும்போது குளிரும் வேண்டும். வேரில் நீர் தேங்கக் கூடாது. வடக்கே அதை விதைக்கும் ஐப்பசியில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. வயலெங்கும் சம்பாவும் தண்ணீரும் நிற்கும். அறுவடை முடிந்து தையில் விதைத்தால் மாசி, பங்குனி வெயிலில் பூத்து, காய் பிடிப்பது குறையும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் மொய்க்கும். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளிக்கும் வழக்கம் இந்தக் களிமண்ணை நன்கு அறிந்தவர்கள் கண்ட முறை. எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அவை ஏறத்தாழ 70 நாளில் விளைந்து, மண்ணுக்கும் வளம் சேர்க்கின்றன. கடுகோ மூன்று மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். ஆகவே உளுந்தை விட்டுக் கடுகுக்குப் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆசைக்கு, கனமழை ஓய்ந்தபின் கொல்லையின் மேட்டுப்பாத்தியிலோ கொள்ளிடக்கரையின் மணற்பாங்கான படுகையிலோ சிறிது விதைக்கலாம். இளம் இலை கீரைக்கு மிக நன்று.

விதை சேகரிக்கும்போது ஒன்றில் கவனம் தேவை. வரப்பில் பிசுபிசுத்த தண்டுடன் மஞ்சளாகப் பூக்கும் நாய்க்கடுகு வேறு குடும்பத்துச் செடி. முள்நிறைந்த பிரமதண்டோ ஆபத்தானது. அதன் விதை கடுகைப் போலவே இருக்கும். 1998இல் டெல்லியில் அதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் பலர் உடல் வீங்கி மாண்டனர். கடுகு வழவழப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள்; பிரமதண்டு விதை சொரசொரப்பானது, உள்ளே வெண்மை. கொல்லையருகே அது இருந்தால் காய் வெடிக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.