தாத்தா நாளைக்குப் பால் வெட்டப் போகிறாரா?

குலசேகரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டாம் மொழி பிரெஞ்சு. தமிழில் சொந்தமாக ஒரு பக்கம் எழுதி, அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க வேண்டும் என்பது புராஜெக்ட். தாத்தாவைப் பற்றி நன்றாகவே எழுதினாள். போன் செயலியில் போட்டு எடுத்ததை மிஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. எப்படி உதவுவது?"

அனுப்பியிருந்த இரண்டு பக்கங்களையும் பார்த்தேன். தமிழில் முதல் வரி: "தாத்தா அதிகாலையில் எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போவார்." (பால் வெட்டுவது என்றால் ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் வடிப்பது.) அழகான வரி. ஆனால் செயலி "போவார்" என்பதை எதிர்காலமாக எடுத்துக்கொண்டு பிரெஞ்சில் "இரா" (இனிமேல் போவார்) என்று போட்டிருக்கிறது. இறந்துபோன தாத்தாவை நாளை காலை வேலைக்கு அனுப்பிவிட்டது!

குழந்தை மேல் தப்பில்லை. முன்பு வழக்கமாக நடந்ததைச் சொல்லவும் தமிழில் "போவார், வருவார், தருவார்" என்றுதான் சொல்கிறோம். பிரெஞ்சில் அதற்குத் தனிக் காலம் உண்டு, அம்பர்ஃபே என்று பெயர். "இல் அலே" என்றால் போய்க்கொண்டிருந்தார், போவது வழக்கம். "ஒரு நாள் தோட்டத்தில் பாம்பைப் பார்த்தார்" என்பதுபோல் ஒருமுறை நடந்து முடிந்ததற்கு பஸே கொம்போஸே. எனவே தமிழ்ப் பிரதியில் ஒவ்வொரு வினையின் கீழும் "வழக்கம்" அல்லது "ஒருமுறை" என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். இதற்கு உங்களுக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. பாதிப் பிழை இதிலேயே போய்விடும்.

அடுத்தது, அந்த நீள வாக்கியத்தை உடைக்க வேண்டும். எழுவார், லைட் கட்டுவார், தோட்டத்துக்குப் போவார் என்று மூன்றாக. பிறர் எழுதியதை மொழிபெயர்ப்பவருக்கு இந்த உரிமை கிடையாது. உங்கள் மகளுக்கு உண்டு, மூலமே அவளுடையதுதானே. பிரெஞ்சில் சொல்ல வராத வரியைத் தமிழிலேயே மாற்றிக்கொள்ளலாம். இதை ஏமாற்று வேலை என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. கிடையாது, சொந்த எழுத்தை மொழிபெயர்ப்பதன் வசதியே அதுதான்.

அப்புறம் சொற்கள். பாட்டி "மரச்சீனி" (மரவள்ளிக்கிழங்கு) அவித்துத் தந்தாராம். இங்கிலீஷ் வழியாகப் போய் பிரெஞ்சில் "தாப்பியோக்கா" என்று வந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு அது கிழங்கிலிருந்து எடுக்கும் மாவு, ஜவ்வரிசி. கிழங்குக்கு "மானியோக்" என்று எழுத வேண்டும். "பால் வெட்டுதல்" என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் போட்டால் ஒன்றும் புரியாது. அவர்கள் அதற்கு வைத்திருக்கும் வினைச்சொல் "சேன்யே", ரத்தம் கசியவிடுவது என்று பொருள். நமக்குப் பாலாகத் தெரிவது அவர்களுக்கு ரத்தமாகத் தெரிந்திருக்கிறது. புராஜெக்டில் இந்த ஒன்றைப் பற்றியே இரண்டு வரி எழுதலாம், மிஸ் சந்தோஷப்படுவார்.

குளச்சல், முட்டம் பக்கத்துக் கடலோரப் பிள்ளைகள் எழுதினால் வேறு குழிகள். கட்டுமரம் என்ற நம் சொல்தான் பிரெஞ்சில் "கத்தமரான்" ஆகியிருக்கிறது, ஆனால் இன்று அதைப் படிப்பவர் மனதில் வருவது இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகு. மீனவரைக் குறிக்கும் "பெஷர்" (pêcheur) என்ற சொல்லில் இரண்டாம் எழுத்தின் தலையில் கூரை மாதிரி ஒரு குறி வேண்டும். கூரைக்குப் பதில் சாய்கோடு போட்டால் மீனவர் பாவி ஆகிவிடுவார். போனில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் எல்லாக் குறியும் வரும்.

"அவர்" என்ற சொல் வரும் இடங்களையும் பார்த்துவிடுங்கள். தமிழில் தாத்தாவும் அவர், பாட்டியும் அவர். பிரெஞ்சில் தாத்தா "இல்", பாட்டி "எல்". உங்கள் பிரதியில் பாட்டி மூன்று இடத்தில் ஆண் ஆகியிருக்கிறார்.

செயலியை விட்டுவிடச் சொல்லவில்லை. மகள் தானாக எழுதி முடித்த பிறகு, அந்தப் பிரெஞ்சைத் தமிழுக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தாத்தா மறுபடி நாளைக்குப் போகிறார் என்று வந்தால், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.