சுட்ட வெள்ளி ஏன் உடைந்தது? மலையில் சில்வர் கிளே பழகுபவர்களுக்கு

கேள்வி: நான் கோத்தகிரியில் இருக்கிறேன். விநோதமான கைவினைப் பொருட்கள் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. உண்ணிச்செடிக் குச்சியில் செய்த யானை, தோடர் எம்பிராய்டரி போட்ட பை என்று வீடு நிறைய வைத்திருக்கிறேன். போன சீசனில் ஊட்டியில் இலை வடிவ வெள்ளி டாலர் ஒன்று வாங்கினேன். ‘சில்வர் கிளே’யில் கையால் செய்தது என்றார்கள். நானும் செய்து பார்க்கலாமே என்று 10 கிராம் பாக்கெட் வரவழைத்து, வீடியோ பார்த்து ஒரு மோதிரம் செய்து, கேஸ் அடுப்பில் சுட்டேன். விரலில் போட்ட இரண்டாம் நாளே பட்டென்று உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் பளபளப்பே இல்லை, வெள்ளையாகப் பொடி உதிர்கிறது. போலியை விற்று ஏமாற்றிவிட்டார்களா? தனி உலை இல்லாமல் வீட்டில் செய்யவே முடியாதா? கை பழகினால் சீசனில் விற்கலாமா?

பதில்: உங்களை யாரும் ஏமாற்றியதாகத் தெரியவில்லை. உடைந்த இடத்தில் பொடி உதிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. வெள்ளி உள்ளே முழுதாகச் சேரவில்லை. அதற்குப் போதிய சூடு, போதிய நேரம் கிடைக்கவில்லை.

பேரில் களிமண் இருந்தாலும் இதில் மண் கிடையாது. மிக நுண்ணிய வெள்ளிப் பொடி, அதைப் பிடித்துவைக்கும் ஒரு தாவரப் பசை, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் இதை உருவாக்கியது. அதே நாட்டின் ஐடா கெமிக்கல் நிறுவனம் ‘ஆர்ட் கிளே’ என்ற பெயரில் தன்னுடையதைக் கொண்டுவந்தது. சுடும்போது முதலில் பசை எரிந்து போகும். அப்புறம் வெள்ளித் துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரி செல்சியஸில். துகள்கள் ஒட்ட ஆரம்பிப்பது அதற்கு வெகு முன்பே, இன்று கிடைக்கும் பல வகைகளில் 650 டிகிரியிலேயே. ஆனால் சூடு குறையக் குறைய நேரம் கூட வேண்டும். 650 டிகிரியில் அரை மணி நேரம் கேட்கும் வகை, 800 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் தேறிவிடும். பசை எரிந்து, துகள்கள் ஒட்டாத இடைநிலையில் அடுப்பை அணைத்தால், பார்க்க முழு நகையாக இருக்கும், பலம் இருக்காது. சூளையில் வேகாத செங்கல் இப்படித்தான், கையில் எடுக்கும்வரை முழுதாகத் தெரியும்.

உங்கள் ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடுப்புக்குள் இழுபடும் காற்றில் ஆக்சிஜன் குறைவதால் தீயின் நுனி மஞ்சளாக எரியலாம். மஞ்சள் தீ சூடு போதாத தீ, கரியும் பிடிக்கும். பர்னரைக் கழுவிக் காயவைத்து, காற்றுத் துவாரத்தைச் சரிசெய்து, நீலத்தீ வந்த பிறகே சுட உட்காருங்கள். வீடியோவில் சொல்லும் நிமிடங்கள் எல்லா அடுப்புக்கும் ஒன்றல்ல. நேரத்தைக் கடிகாரத்தைவிட நகையின் நிறத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

இன்னொரு காரணம் ஈரம். மலையில் இருப்பவர்களிடம் நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். உள்ளே துளி ஈரம் இருந்தாலும், சூடு பட்டதும் அது ஆவியாகிக் கொப்புளம் போடும், விரிசல் விடும். சமவெளியில் ஃபேனுக்கடியில் ஒரு ராத்திரி வைத்தால் காய்ந்துவிடும் என்பார்கள். இங்கே ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் துணியே காயாது. வெறும் காற்றை நம்பாதீர்கள். தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, மேலே ஒரு காகிதம் விரித்து அதில் வையுங்கள். கல் ஆறினால் மறுபடி சூடாக்குங்கள். பிறகு ஒரு சோதனை. வெதுவெதுப்பாக இருக்கும் நகையைக் குளிர்ந்த, துடைத்த முகம்பார்க்கும் கண்ணாடிமேல் சில விநாடி வைத்து எடுங்கள். அடியில் ஆவி படிந்திருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. படியாமல் இருக்கும்வரை காயவைக்க வேண்டும். பனிமூட்டம் உள்ளே வரும் வீடென்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் கண்ணாடி தானாகவே மங்கி உங்களைக் குழப்பும்.

இதே ஈரக் காற்று வேறு விதத்தில் உங்களுக்கு வரம். சென்னையில் கையில் எடுத்த சில நிமிடத்தில் கிளே வறண்டு ஓரம் வெடிக்கத் தொடங்கும். உங்களுக்கு நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கும். புதிதாகப் பழகுபவருக்கு அது பெரிய விஷயம்.

சரி, அடுப்பில் எப்படிச் சுடுவது? சிறிய, தட்டையான, உள்ளே வேறெதுவும் வைக்காத நகைக்கு கேஸ் அடுப்பே போதும். உங்கள் பாக்கெட்டில் அடுப்பில் சுடலாம் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை ஒன்று வேண்டும். துத்தநாகம் பூசிய வலை வேண்டாம், சூட்டில் அது விடும் புகை உடம்புக்கு ஆகாது. அலுமினியத் தட்டும் தாளும் கிளேவின் பக்கமே வரக்கூடாது, பட்டால் வெள்ளி கெட்டுவிடும். வலையை வைத்து முழுத்தீ விட்டால் எந்த இடம் முதலில் சிவக்கிறது என்று தெரியும். அடுப்பை அணைத்து, நகையை அந்த இடத்தில் வைத்து மறுபடி பற்றவையுங்கள். முதலில் லேசாகப் புகையும், சின்னதாகத் தீப்பிடிக்கும். பயப்பட வேண்டாம், அது பசை எரிவது. அது அடங்கியபின் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். நகை முழுவதும் ஒரே சீராக ஆரஞ்சாக ஒளிர வேண்டும். அந்த நிறம் வந்த நொடியிலிருந்துதான் நேரம் எண்ண வேண்டும். பத்து நிமிடம் குறையாமல் வைத்திருங்கள். உருகாதவரை அதிக நேரம் சுடுவதால் கெடுதல் இல்லை, பலம்தான் கூடும். உங்கள் மோதிரம் சிவந்ததும் அணைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு மட்டும் சுடாதீர்கள். மூடிய அறையில் அவ்வளவு நேரம் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தலை சுற்றும்போதுதான் தெரியும். காயவைக்கும்போது சாத்திய ஜன்னலைச் சுடும்போது கட்டாயம் திறந்துவையுங்கள்.

சமையலறை பியூட்டேன் டார்ச்சும் நன்றாக வேலை செய்யும். தீச்செங்கல்மேல் நகையை வைத்து, தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். மேற்பரப்பு திடீரென்று பளபளத்து நடுங்கினால் உருகப் போகிறது என்று அர்த்தம். உடனே தீயை விலக்குங்கள். மார்கழி, தைக் குளிரில் பியூட்டேன் குப்பியில் அழுத்தம் குறைந்து தீ சோர்ந்துவிடும். முதல் நாளே குப்பியைக் கதகதப்பான அறையில் வைத்திருங்கள். அதை அடுப்படியில் வைத்துச் சூடாக்கப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? சுடுவதற்கு முன் காய்ந்த நகையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்துகொள்ளுங்கள். சுட்டு ஆறியபின் அதே கோட்டுக்குள் வையுங்கள். துகள்கள் நெருங்கி ஒட்டினால் நகை சுருங்கியே தீரும், பெரும்பாலான வகைகளில் 8 முதல் 12 சதவீதம்வரை. கோடு முன்போலவே பொருந்தினால் வேகவில்லை. அதனால் குடி முழுகிவிடாது, திரும்பச் சுடலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம். உங்கள் உடைந்த மோதிரத்தையும் தூக்கிப்போட வேண்டாம், அதில் இருப்பது வெள்ளிதான். இரண்டு துண்டையும் முழு நேரம் மறுபடி சுட்டு இறுக்கிவிட்டு, ஊரில் தெரிந்த ஆசாரியிடம் பற்றவைக்கக் கொடுங்கள். நன்றாகச் சுட்ட பிறகு இது சாதாரண வெள்ளிதானே, நகை ஒட்டும் பொடி வைத்துப் பற்ற வைக்கலாம், அரம் போடலாம்.

முதல் நகைக்கு மோதிரம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். சுருங்குவதால் அளவு தப்பும், இணைப்பு பலவீனமான இடமாகிவிடும், நாள் முழுக்க அடிபடுவதும் மோதிரம்தான். தூய வெள்ளி ஏற்கெனவே மிருதுவானது. மோதிரம், வளையல் போன்றவற்றுக்கு 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் மின்சூளைதான் சரி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மின்சூளை வைத்து மண்பாண்டம் செய்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவர்கள் பானையோடு சேர்த்து வைத்துவிடக் கூடாது. பானைச் சூளை 1,000 டிகிரியைத் தொடும், உங்கள் வெள்ளி உருகி ஓடிவிடும். 900-ல் நிறுத்தித் தனியாகச் சுட்டுத்தர முடியுமா என்று கேளுங்கள்.

நீங்கள் விரும்பிய இலை டாலரிலேயே ஆரம்பியுங்கள். அதற்கு மலையில் கிடைக்கும் மிகச் சிறந்த இலை உண்ணிச்செடியினுடையது. நரம்பு ஆழமாக இருக்கும், அச்சு துல்லியமாக விழும், எவ்வளவு பறித்தாலும் காட்டுக்கு நஷ்டமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கும் செடி அது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டில் நிஜ அளவிலேயே யானைகள் செய்து லண்டன் வரை அனுப்பியிருக்கிறார்கள். அழகாக இருக்கிறதே என்று குறிஞ்சி இலையிலும் சோலைக்காட்டுப் பெரணியிலும் கை வைக்காதீர்கள், அவை அங்கேயே இருக்கட்டும்.

வெள்ளியைத் தொடுவதற்கு முன் மைதா மாவில் இதே வேலையைச் செய்து கையைப் பழக்குங்கள். கிளேவின் விலை வெள்ளி விலையைவிடப் பல மடங்கு, அதில் கை பழகுவது கட்டுப்படியாகாது. அப்புறம் 10 கிராமை எடுத்து, இரண்டு பக்கமும் ஐந்தைந்து சீட்டுக்கட்டு அட்டை அடுக்கி, நடுவில் வைத்துச் சின்னக் குழாயால் உருட்டுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் கனம் சீராக வரும். ஒட்டாமல் இருக்க விரலில் ஒரு பொட்டு எண்ணெய் போதும். தேங்காயெண்ணெய் உங்கள் ஊரில் உறைந்து கட்டியாக நிற்கும், நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்பக்கம் கிளேவில் படும்படி வைத்து ஒருமுறை உருட்டி, ஊசியால் வடிவத்தை வெட்டுங்கள். கொக்கி மாட்டும் துளையைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், அதுவும் சுருங்கும். ஓரம் தேய்ப்பதெல்லாம் காய்ந்த பிறகு, சுடுவதற்கு முன். அப்போது உப்புத்தாளுக்கு உடனே மசியும், சுட்ட பிறகு உலோகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு காகிதத்தின் மேல் தேயுங்கள். உதிரும் பொடியைச் சேர்த்துவைத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் விரிசல் அடைக்க உதவும். மீந்த கிளேவைப் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, ஈரப் பஞ்சோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

சுட்டு எடுத்ததும் நகை வெள்ளை வெளேரென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இது வெள்ளியே இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். துகள்களின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் வரும் வெண்மை அது. பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் நனைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் உள்ளே இருக்கும் வெள்ளி எழுந்து வரும். நரம்புக் கோடுகள் கறுப்பாகத் தெரிய வேண்டுமென்றால், சூடான அவித்த முட்டையை இரண்டாக வெட்டி நகையோடு டப்பாவில் போட்டுச் சில மணி நேரம் மூடிவையுங்கள். முட்டையின் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மேட்டுப்பகுதியை மட்டும் தேய்த்து மின்ன வையுங்கள், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். கல் பதிப்பதாக இருந்தால் முத்து, பவளம், டர்க்காய்ஸ், ஓப்பல் எதையும் கிளேவோடு சேர்த்துச் சுடாதீர்கள், பாழாகிவிடும். அவற்றைச் சுட்டபின் பதிக்க வேண்டும்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். விற்கலாம், கொஞ்ச நாள் நீங்களே போட்டுப் பார்த்துத் தாங்கிய வடிவங்களை மட்டும். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு துண்டை நகைக்கடையில் தரம் பார்க்கும் இயந்திரத்தில் வைத்து எழுதி வாங்கிக்கொண்டால், கேட்பவரிடம் காட்டலாம். பாக்கெட்டில் 999 என்று இருந்தால் தூய வெள்ளி என்றும், 950 அல்லது 960 என்று இருந்தால் அந்த அளவையும் அப்படியே சொல்லுங்கள். ஊட்டிக் கடைத்தெருவில் தொங்கும் ‘ஆக்சிடைஸ்டு’ நகைகளில் பெரும்பாலும் வெள்ளியே இருக்காது. உங்கள் டாலருக்கு ஏன் அந்த விலை என்று வாங்குபவருக்குப் புரிய வேண்டும்.

விலையில் கிளேவின் காசோடு உங்கள் நேரத்தையும் சேருங்கள். கை வேலைக்குக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். நீலகிரியில் கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக இரும்பும் வெள்ளியும் அடித்துத் தோடருக்கும் படகருக்கும் கொடுத்துவந்தவர்கள், அந்த உழைப்புக்கு மலையில் எப்போதும் மதிப்பு இருந்தது. பொட்டலத்துக்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், மாவட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது. காகித உறையில் போட்டு, ‘பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவவும், வாசனைத் திரவியம் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று இரண்டு வரி எழுதி வைத்துவிடுங்கள்.