கொல்லைப்புற அடுப்படி: ‘எல்லாம் சேர்த்து’ என்று சொல்லும் விலையை நம்பலாமா?

கேள்வி: வீட்டின் பின்பக்கம் 14 அடி நீளம், 10 அடி அகலத்தில் திறந்த இடம் கிடக்கிறது. ஷீட் சார்ப்பு இறக்கி, அதன் கீழே மேடை, சிங்க், கேஸ் அடுப்பு, மாமியாருக்கு ஒரு விறகடுப்பு, நான்கு பேர் உட்காரத் திண்ணை எல்லாம் கட்ட நினைக்கிறோம். வெல்டிங் பட்டறைக்காரர் இடத்தைப் பார்த்துவிட்டுச் சதுர அடிக்கு ஒரு விலை சொன்னார். “எல்லாம் சேர்த்துத்தான்” என்கிறார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுவார் என்று சொல்லவில்லை. எதற்கு விலை பேசினோம் என்பது அவருக்கும் உங்களுக்கும் இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான்.

எந்தச் சதுர அடி என்று கேட்டீர்களா? தரையை அளந்தால் 140. சாரல் உள்ளே வராமலிருக்க இறவாரத்தை முன்பக்கமும் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு அடி நீட்டினால் கூரை 18-க்கு 12, அதாவது 216 சதுர அடி. நீங்கள் 140-ஐ மனத்தில் வைத்துத் தலையாட்டியிருப்பீர்கள். பில் 216-க்கு வரும். முன்பே எழுதிக்கொண்டால் இரண்டுமே நியாயமான கணக்குதான்.

அடுத்தது குழாய். ‘இரண்டு இஞ்ச் சதுரக் குழாய்’ என்று சொன்னால் கனம் சொன்னதாக ஆகாது. 20 அடி நீளக் குழாய் ஒன்று 2 மி.மீ. கனத்தில் சுமார் 18 கிலோ இருக்கும். அதுவே 1.6 மி.மீ. என்றால் 15 கிலோ அளவில்தான் நிற்கும். பெயிண்ட் அடித்து நட்டுவிட்டால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே குழாய் வந்து இறங்கும் அன்று, வெட்டுவதற்கு முன்பே, ஒன்றை எடுத்து எடைபோடச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடையில் தராசு இருக்கும். பட்டறைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஷீட்டிலும் இதே கதை. 0.50 மி.மீ. என்று அவர் சொல்வது பூச்சையும் சேர்த்த கனமா, உள்ளே இருக்கும் எஃகின் கனம் மட்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் மலிவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். துளை போடும்போதும் உடையும்போதும் கிளம்பும் அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது. வெளிச்சத்துக்காக நடுவில் ஒரு பாலிகார்பனேட் ஷீட் போடலாம், ஆனால் விறகடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். அடுப்புக்கு மேல் புகை போக வழியும் வேண்டும். ஷீட்டைத் தாழ்வாக இறக்கிவிட்டால் சித்திரை வெயிலில் அந்த இடம் இன்னொரு அடுப்பாகிவிடும்.

ஒழுகுவது பெரும்பாலும் நடுக்கூரையில் அல்ல, ஷீட் வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில்தான். அங்கே சுவரில் நீளமாகக் காடி (பள்ளம்) எடுத்துத் தகரப்பட்டையைச் செருகிப் பூச வேண்டும். வெறும் சிமெண்டை அப்பிவிட்டால், வெயிலில் ஷீட் விரிந்து சுருங்குவதில் ஒரே வருடத்தில் வெடிப்பு விழும். கடைசித் தவணையில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். வேலை முடிந்ததும் மாடியிலிருந்து அந்த இணைப்பின்மேல் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஐப்பசி அடைமழை வந்து சோதிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூரைத் தண்ணீர் உங்கள் மனைக்குள்ளேயே விழ வேண்டும். எல்லைவரை கூரையை நீட்டுவதற்கு முன், கட்டட விதிப்படி எவ்வளவு இடம் விட வேண்டும் என்று மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்பு வந்தால் அது கூரையைவிட நீண்டநாள் நிற்கும்.

கேள்வி: மேடைக்குக் கடப்பா கல் போதும், கிரானைட் வீண் செலவு என்கிறார் கொத்தனார். சிங்க் ‘304 ஸ்டீல்’ என்று கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. நம்பி வாங்கலாமா?
– அதே வாசகி

பதில்: கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அதைத்தான் போட்டோம். மீன் கழுவிவிட்டு அரை மூடி எலுமிச்சையைக் கவிழ்த்தபடி விட்டுப் போனேன்; மறுநாள் எடுத்தால் மூடி அளவுக்கு வட்டமாக வெளிறிய தழும்பு. தேங்காய் எண்ணெய் தேய்த்தால் இரண்டு நாள் மறையும், பிறகு மீண்டும் எட்டிப் பார்க்கும். கீழே பாத்திரத் தட்டுக்குக் கடப்பா போதும், மேல் பலகைக்குக் கிரானைட் போடுங்கள். வெயில் விழும் ஓரத்தில் கறுப்பு கிரானைட் கை வைக்க முடியாமல் சுடும். வெளிர் நிறம் எடுங்கள். விறகடுப்பை மட்டும் கிரானைட்டின்மேல் வைக்காதீர்கள், சூட்டில் கல் விரிசல் விட்டுவிடும். அதற்குச் செங்கல்லால் தாழ்வாகத் தனி மேடை கட்டுங்கள். மேடை உயரத்தைச் சமைப்பவரை நிற்க வைத்து அளக்க வேண்டும். கொத்தனார்கள் தங்கள் இடுப்பை வைத்தே அளந்துவிடுகிறார்கள்.

காந்த வித்தை பாதி உண்மை. 304 எஃகில் காந்தம் ஒட்டாது என்பது சரி. ஆனால் மலிவான 202 ரக எஃகிலும் ஒட்டாது! 304-இல் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். 202-இல் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்பும் புளித்தண்ணீரும் படும் இடத்தில் 202 சீக்கிரம் பழுப்புப் புள்ளி வைக்கும். நல்ல 304 சிங்கிலும் அழுத்தி வளைத்த மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கலாம், அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். எஃகு வியாபாரிகளிடம் ஒரு சோதனைத் திரவம் உண்டு. ஒரு சொட்டு விட்டுச் சிறிய பேட்டரியை இணைத்தால் மாங்கனீசு மிகுந்த எஃகில் அது சிவக்கும். கடையில் அது இல்லையென்றால், பில்லில் ‘304’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுதச் சொன்னதும் சில கடைகளில் சிங்க் மாறிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டுப் பூட்டி வைக்கலாமா? குழாய் எட்டவில்லை என்றால் இரண்டை இணைக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: இணைக்கவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தேங்கும். கதவு போடலாம், ஆனால் தரைமட்டத்தில் காற்றோட்டத் துளைகள் இருக்க வேண்டும். மேலே மட்டும் ஜன்னல் வைத்துப் பயனில்லை. சிலிண்டர் நிமிர்ந்து, அடுப்பைவிடத் தாழ்வாக நிற்கட்டும். விறகடுப்பு எதிர்மூலைக்குப் போகட்டும். கசிவு அவசர எண் 1906.

கேள்வி: சென்ற ஆண்டு போட்ட சார்ப்பு முதல் மழையிலேயே ஒழுகியது. பட்டறைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: ஒழுகும்போது தேதியோடு படம் எடுங்கள். சரிசெய்ய 15 நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பில் இல்லை என்பீர்களோ என்று நினைக்கிறேன். முன்பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, விலை பேசிய வாட்ஸ்ஆப் செய்தி இரண்டையும் அழிக்காமல் அச்செடுத்து வையுங்கள்.