கர்ப்பத்தின் பிற்பாதியில் இரத்த அழுத்தம் உயர்வது ஏன்?

முன்பு உயர் இரத்த அழுத்தமே இல்லாத பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் அது ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இயல்பான கர்ப்பத்தில் தாயின் இரத்தக் குழாய்கள் தளர்வதால், நடு மாதங்களில் அழுத்தம் சற்றுக் குறையவே செய்யும். அதே காலத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் ஊடுருவி, அவற்றின் தசைச் சுவரை அகற்றி, குறுகிய வாய்க்காலை அகன்ற கால்வாயாக்குவதுபோல விரிவாக்குகின்றன.

இந்த மாற்றம் முழுமை பெறாதபோது, போதிய இரத்தம் கிடைக்காத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கிறது. அவை குழாய்களின் உட்சுவரைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து முடக்குவதால், உடலெங்கும் குழாய்கள் இறுகி அழுத்தம் உயர்கிறது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது. இதுவே பிரீஎக்லாம்சியா. 20 வாரங்களுக்குப் பின் 140/90 அல்லது அதற்கு மேல் என்ற அளவு, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இருமுறை பதிவானால் அது உயர் இரத்த அழுத்தம். 160/110 என்பது அவசர நிலை.

முந்தைய கர்ப்பத்தில் இதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, 16 வாரங்களுக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரினை மருத்துவர் தொடங்குவது வழக்கம். தாமாக எடுப்பது கூடாது. கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், பிரசவத்திற்குப் பிந்தைய வாரங்களிலும்கூட, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.