முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர் அருகே ஒன்றரை ஏக்கர் மணல் நிலம் இருக்கிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கச் செடிகொடி வகைகள் கூடும் என்று மகன் பாடத்தில் படிக்கிறான். நம் கரையில் மட்டும் பனை, உடைமரம், அடும்புக்கொடி தாண்டி ஒன்றும் தேறவில்லையே, ஏன்? ஒரு ஏஜெண்ட் அகர் (வாசனைக் கட்டை தரும் மரம்), மகோகனி உட்பட நூறு வகைக் கன்று நட்டுக் காடாக்கித் தருவதாக முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

மகன் படிப்பது சரிதான். மலேசியாவின் லம்பீர் காட்டில் 52 ஹெக்டேரில் எண்ணியபோது மர இனங்கள் மட்டும் 1,100-ஐத் தாண்டின. ஆனால் அங்கே வெயிலோடு ஆண்டு முழுக்க மழையும் உண்டு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை போனால் அடுத்த ஐப்பசிதான். போதாததற்கு உப்புக்காற்று, உப்புத்தண்ணீர். இதைத் தாங்குகிற இனங்கள் உலகத்திலேயே குறைவு. உங்கள் மண்ணில் கோளாறு இல்லை.

‘தென்னாப்பிரிக்காவில் மணலிலேயே ஆயிரக்கணக்கில் வளரவில்லையா?’ என்று ஏஜெண்ட் கேட்கக்கூடும். கேப் பகுதியைச் சொல்வார். உண்மைதான், பூமத்திய ரேகையிலிருந்து அவ்வளவு தள்ளி, சத்தில்லாத மண்ணில், சுமார் 9,000 இனங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேறெங்கும் கிடையாது. ஆனால் அங்கே குளிர்காலத்தில் மழை. பருவநிலை பெரிதாகப் புரளாமல் நெடுங்காலம் இருந்ததால், சரிவுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என இனங்கள் பிரிந்தன. அதுவும் பெரும்பாலும் புதர்ச்செடிகள், மரக்காடு இல்லை. மினி லாரியில் வந்து இறங்கியதும் இல்லை.

இன்னொன்று. இவர்கள் முதலில் ஜேசிபியை விட்டு ‘களை’யைச் சுத்தம் செய்வார்கள். அந்தக் களை ராவணன் மீசையும் அடும்பும். முள்பந்து மாதிரி காற்றில் உருண்டு போய் விதை போடுகிறதே, அதுதான் ராவணன் மீசை. அடும்பு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் வழித்துவிட்டால் அடுத்த ஆடிக்காற்றில் மணல் உங்கள் கிணற்றில் கிடக்கும். அகருக்கோ ஈரமும் மழையும் வேண்டும். ‘பத்து வருஷத்தில் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்ற ஒப்பந்தத்தை நம்பி ஏமாந்தவர்கள் என்னிடமே வந்து அழுதிருக்கிறார்கள்.

அரசு தரும் இலவசக் கன்று வாங்கலாம் என்றால் அங்கேயும் தேக்கைத்தான் நீட்டுகிறார்கள். நட்ட கணக்கு இருக்கும், பிழைத்த கணக்கு இருக்காது. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

முதலில் கிணற்றுத் தண்ணீரின் உப்பைச் சோதித்துப் பாருங்கள். அப்புறம் பனங்கொட்டை, பூவரசு, புன்னை. தானாக முளைத்த உடைமரத்தை வெட்டாதீர்கள். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதற்குச் சொந்த ஊர். ஏஜெண்ட் மறுபடி வந்தால், இதே கரையில் ஐந்து வருடம் முன் நட்ட ஒரு தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். போட்டோ வேண்டாம், நேரில்.