தரவு மையமும் ஆண்டுச் சராசரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரை ஒட்டி ஒரு பெரிய டேட்டா சென்டர், அதாவது இணையத் தகவல்களைச் சேமித்துவைக்கும் கணினிகள் நிறைந்த தரவு மையம், வரப்போகிறது. தண்ணீர், மின்சாரம், கதிர்வீச்சு எல்லாவற்றையும் நினைத்துப் பயந்து எதிர்க்கிறோம். ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால் தண்ணீர்த் தேவை குறைவுதான், உள்ளூருக்கு வேலை கிடைக்கும் என்று துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் பேச எழுந்தபோது ஒருவர், “உங்கள் கையில் இருக்கும் போனில் எடுக்கிற படமெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது? எதிர்க்க உங்களுக்கு என்ன தகுதி?” என்று கேட்டார். பதில் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். போனையும் வைத்துக்கொண்டு எதிர்ப்பது போலித்தனமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது. வீட்டில் விளக்குப் போடுகிறவர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்கக் கூடாதா? பயன்படுத்துகிறவருக்குத்தான் கேட்கும் கடமை கூடுதல். அந்தக் கேள்வி உங்கள் வாயை அடைக்கக் கேட்கப்பட்டது. அது தெரியாமல் வெட்கப்பட்டு நின்றிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

கதிர்வீச்சை விட்டுவிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லை. அதைப் பேசினால் உங்களுடைய நியாயமான கேள்விகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். வேலையா? கட்டும்போது நிறையப் பேருக்கு இருக்கும், கட்டி முடித்த பிறகு அந்தப் பரப்புக்கும் முதலீட்டுக்கும் மிகச் சிலருக்கே. மின்சாரத்தைத் தனியாக எழுத வேண்டும். அயர்லாந்தில் 2023இல் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது என்பதை மட்டும் இப்போது குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘ஆண்டுச் சராசரி’ என்ற சொல். சில மாதங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

அங்கே ஓடும் கணினிகளான சர்வர்கள் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அதை வெளியேற்றப் பல மையங்களில் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். அப்படிப் போன தண்ணீர் ஊருக்குத் திரும்பாது. குளிர்ந்த நாட்களில் வெளிக்காற்றே போதும், தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படாது. வெயில் ஏற ஏறத் தேவை ஏறும். ஆக, அந்த எந்திரங்கள் அதிகம் குடிக்கும் நாளும், ஏரியில் தண்ணீர் அடியில் கிடக்கும் நாளும் ஒன்றே. அந்த நாளின் கணக்கை 365 நாளுக்கும் பிரித்துப் போட்டுவிட்டு, ‘சராசரியாகக் குறைவுதான்’ என்கிறார்கள். எண்ணில் பொய் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் சராசரியைக் குடிக்க முடியாது, தம்பி.

அந்தச் சராசரியைக்கூடச் சில இடங்களில் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டேல்ஸ் என்று ஒரு சிறிய நகரம். அங்கே கூகுளின் மையங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று ஒரு நாளிதழ் கேட்டது. அது வணிக ரகசியம் என்று சொல்லி, கணக்கைக் கொடுக்காமலிருக்க நகர நிர்வாகமே வழக்குப் போட்டது. 2022 டிசம்பரில் சமரசமாகி விவரம் வெளியே வந்தபோது பார்த்தால், நகரம் செலவழிக்கும் தண்ணீரில் கால் பங்குக்கும் மேல். சிலியின் சாண்டியாகோவில் மக்கள் விடாமல் கேட்டார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். 2024இல் கூகுள் தன் பழைய திட்டத்தைக் கைவிட்டு, காற்றால் குளிரூட்டும் முறையில் புதிதாகத் தொடங்குவதாக அறிவித்தது.

காற்று என்றால் மின்விசிறிகள். உங்கள் கடிதத்தில் சத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லையே, ஏன்?

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய அலுவலகக் கட்டடம் இருந்தது. அதன் கூரையில் குளிரூட்டும் எந்திரங்கள் வரிசையாக நின்றன. பகலில் தெரு இரைச்சலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி ஊர் அடங்கியதும் ஒரே சீராக ஒரு முனகல் கிளம்பும். தலையணையில் காதை வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். ஜன்னல் திட்டில் வைத்த டம்ளர் தண்ணீரில் மெல்லிய வளையங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா தூக்கம் வராமல் எழுந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. “இன்னும் நிற்கலைடா” என்பார்.

புகார் கொடுத்தோம். ஒருவர் பகல் 11 மணிக்குக் கருவியோடு வந்தார். தெருவில் நின்று பத்து நிமிடம் அளந்தார். அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வழக்கமாகப் பயன்படும் டெசிபல் அளவுமுறை தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கில் எடுக்கிறது. சுவரைத் தாண்டி உள்ளே வருவதோ அந்தத் தாழ்ந்த ஒலிதான். அம்மாவின் உள்ளங்கைக்குத் தெரிந்தது அந்தத் தாளில் வரவே இல்லை. கடைசியில் வீட்டை மாற்றினோம். புது வீட்டிலும் அம்மா சில நாள் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். மிக வெப்பமான நாளில் எத்தனை லிட்டர், எந்த நீர்நிலையிலிருந்து? ராத்திரி 2 மணிக்கு, பக்கத்து வீட்டுக்குள் எவ்வளவு சத்தம், தாழ்ந்த ஒலியையும் சேர்த்து? மின்சாரம் நின்றால் ஓட்ட வைத்திருக்கும் டீசல் ஜெனரேட்டர்கள் எத்தனை, எந்த நேரத்தில் ஓட்டிச் சோதிப்பார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பத்தின் நகல் கிடைத்தால் குளிரூட்டும் முறையைச் சொல்லும் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.